சுறா கடித்த மீனும் ஈயம் விழுங்கிய மீனும்

தக்கை · மார்ச் 4, காலை 9.10

மீன்பிடிப் போட்டிகளில் எல்லாவற்றுக்கும் "தகுதிநீக்கம்" என்று ஒரே முத்திரையைக் குத்துகிறார்கள். மீன் வயிற்றில் ஈயத்தைத் திணித்தவனுக்கும் அதே முத்திரை. ஆறு மணி நேரம் மல்லுக்கட்டி 619.4 பவுண்டு மார்லினை (ஈட்டி மூக்குள்ள பெரிய கடல் மீன்) கொண்டுவந்த படகுக்கும், சுறா ஒரு வாய் கடித்துவிட்டது என்பதற்காக, அதே முத்திரை. இரண்டாவது ஆட்கள் என்ன தப்பு செய்தார்கள்? என் கட்சி இதுதான்: ஏமாற்றியது நிரூபணமானால் மட்டும் நீக்கு, இல்லையென்றால் பரிசைக் கொடு. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

முள்வாங்கி · மார்ச் 4, காலை 11.32

மறுக்கிறேன். நீங்கள் சொல்வது 2023-இல் வட கரோலினாவின் மோர்ஹெட் சிட்டியில் நடந்த பிக் ராக் நீல மார்லின் போட்டி. படகின் பெயர் சென்சேஷன். கிடைக்கவிருந்த தொகை சுமார் 35 லட்சம் டாலர். மீனில் சுறாவோ வேறு கடல் உயிரியோ கடித்த காயம் இருந்தது. உயிரியல் அறிஞர்களையும் சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் (ஐ.ஜி.எஃப்.ஏ.) அலுவலரையும் கலந்துகொண்டுதான் நீக்கினார்கள். படகில் இருந்தவர்கள் ஏமாற்றினார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

சரி, தப்பு செய்யாதவர்களிடம் ஏன் பறிக்க வேண்டும்? அந்த விதி ஆளின் நேர்மையைக் கேட்கவே இல்லை. மீனைத்தான் கேட்கிறது. தூண்டிலில் மாட்டிய மீனைச் சுறா கடித்தால் ரத்தம் போகிறது, வாலடி தளர்கிறது. முழுத் தெம்போடு இருக்கும் 619 பவுண்டு மீனை இழுத்துக் களைக்க வைப்பது ஒன்று, பாதி செத்ததை மேலே ஏற்றுவது இன்னொன்று. கடி எந்த நிமிடத்தில் விழுந்தது, அதனால் எவ்வளவு வேலை மிச்சமானது என்று கரையில் நின்று யாராலும் சொல்ல முடியாது. கடைசி நிமிடத்தில் விழுந்த கடியாகக்கூட இருக்கலாம். அதனால்தான் விதி அந்தக் கேள்விக்குள் போகவே இல்லை.

முள்வாங்கி · மார்ச் 4, காலை 11.50

மேலே "காயம்" என்று பொத்தாம்பொதுவாக எழுதிவிட்டேன். எல்லாக் காயமும் கணக்கில் வராது. மீனைப் படகில் ஏற்றும் முன், சுறா, வேறு மீன், கடல் பாலூட்டி, படகின் சுழலி இவற்றில் ஏதாவது ஒன்று சதையைப் பெயர்த்திருந்தாலோ துளைத்திருந்தாலோதான் நீக்கம். தூண்டில் நரம்பும், அதன் நுனியில் முள்ளுக்கு முன் கட்டும் லீடரும் அறுத்த கோடு, சிராய்ப்பு, ஆறிப்போன பழைய தழும்பு எதுவும் குற்றமில்லை. அதனால் எடைமேடையில் முதல் சர்ச்சை எப்போதும் ஒன்றுதான்: இது இன்றைய காயமா, பழசா? புதிய கடியில் விளிம்பு கிழிந்து, சதை ஈரச் சிவப்பாக இருக்கும். பழசில் விளிம்பு உருண்டு, மேலே தோல் மூடியிருக்கும். படகில் ஏற்றிய உடனே, தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்கு முன், பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுக்காதவர்கள் பின்னால் வருந்துவார்கள்.

கரைவலை · மார்ச் 4, பிற்பகல் 2.15

அந்த 35 லட்சக் கணக்கு எனக்கு இடிக்கிறது. அதே போட்டியில் கடைசியில் வென்ற சுஷி படகுக்கு 484.5 பவுண்டு மீனுக்கு 27.7 லட்சம்தானே கொடுத்தார்கள்? மிச்சம் எங்கே போனது? அமைப்பாளர் பையிலா?

முள்வாங்கி · மார்ச் 4, மாலை 5.05

இல்லை அண்ணே. பெரிய போட்டிகளில் பரிசு ஒரே உண்டியலில் இருக்காது. நுழைவுக்கட்டணம் ஓர் அடுக்கு. அதன் மேல் விருப்பப்பட்டால் பணம் கட்டிச் சேரும் அடுக்குகள் உண்டு. கட்டாத அடுக்கின் பணம், உலகத்திலேயே பெரிய மீனைக் கொண்டுவந்தாலும் கிடைக்காது. பிக் ராக்கில் 500 பவுண்டைத் தாண்டிய முதல் நீல மார்லினுக்கு என்று தனி அடுக்கு. அந்த ஆண்டு அதில் 7,39,500 டாலர் இருந்தது. 484.5 பவுண்டு அந்தக் கோட்டைத் தொடவில்லை. 27.7 லட்சத்தோடு 7.4 லட்சத்தைக் கூட்டுங்கள், 35 லட்சம் வந்துவிடும்.

இந்த அடுக்குக் கணக்கைப் புரிந்துகொண்டால் வழக்குகளும் புரியும். ஒரு படகை நீக்கினால் அந்தப் பணம் அமைப்பாளருக்குப் போவதில்லை, அடுத்த படகுக்குப் போகிறது. ஒருவரிடம் இரக்கம் காட்டினால் அது இன்னொருவரின் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்ததாக ஆகும். தக்கை, உங்கள் வாதத்தில் சுஷியில் இருந்தவர்கள் கண்ணிலேயே படவில்லை.

தக்கை · மார்ச் 4, மாலை 6.40

சரி, சுறாக்கடியை விட்டுத் தள்ளுங்கள். லைசென்ஸ் இல்லை என்று 883 பவுண்டு மீனை நீக்கினார்களே? மீனுக்கு என்ன லைசென்ஸ்? அதன் தெம்பு குறைந்ததா?

முள்வாங்கி · மார்ச் 4, இரவு 9.20

நல்ல அடி. 2010, அதே பிக் ராக், சைட்டேஷன் என்ற படகு. உதவியாளர் ஒருவரிடம் மாநிலக் கடல் மீன்பிடி உரிமம் இல்லை. மீன் மாட்டிய பிறகு, அன்று மாலையில்தான் உரிமம் வாங்கப்பட்டது. போனது 9 லட்சம் டாலருக்கு மேல். பரிசு 528.3 பவுண்டு மீன் கொண்டுவந்த கார்னிவோர் படகுக்குப் போனது. வழக்கு மேல்முறையீடு வரை ஏறி இறங்கி, 2013-இல் மாநில உச்ச நீதிமன்றத்தில் போட்டிக்குச் சாதகமாக முடிந்தது.

இங்கே மீனின் தெம்பு குறையவில்லை, உண்மை. நான் காலையில் சொன்ன காரணம் இதற்குப் பொருந்தாது. யோசித்துவிட்டு வருகிறேன்.

முள்வாங்கி · மார்ச் 5, காலை 7.45

யோசித்தேன். உரிமம் என்பது போட்டிக்குள் நுழையும் தகுதி. பந்தயம் முடிந்த பிறகு வாங்கிய சீட்டைக் காட்டிப் பந்தயத்தில் இருந்தேன் என்று சொல்ல முடியாது. அதற்காக இது கொடுமை இல்லை என்று வாதாட வரவில்லை. கொடுமைதான். ஆனால் அதைத் தவிர்க்கும் இடம் எடைமேடை அல்ல. முதல் நாள் மாலை, பதிவு மேசை. படகில் ஏறும் ஒவ்வொருவரின் பெயர், உரிம எண், முடியும் தேதி மூன்றையும் அங்கேயே வாங்கிச் சரிபார்த்துக் கையெழுத்து போட்டால் இந்தப் பிரச்சினையே வராது. படகின் முதலாளியும் தலைவனும் மறக்க மாட்டார்கள். கடைசி நேரத்தில் யாருக்கோ பதிலாக ஏறிய உதவியாளரைத்தான் எல்லாரும் மறப்பார்கள். இரைபோட்டு நரம்பைக் கையாளுகிற ஆளும் சட்டத்தின் பார்வையில் மீன்பிடிப்பவர்தான், ராடை (தூண்டில் கழியை) தொடாவிட்டாலும்.

கரைவலை · மார்ச் 5, காலை 10.30

ஈயக்கதைக்கு வாங்கப்பா. எல்லாரும் அதற்குத்தான் காத்திருக்கிறோம்.

முள்வாங்கி · மார்ச் 5, பிற்பகல் 1.10

வருகிறேன். 2022 செப்டம்பர் 30, ஓஹியோவின் கிளீவ்லாந்து, ஈரி ஏரியின் வால்ஐ போட்டி. (வால்ஐ என்றதும் நம்ம வாளை என்று எண்ண வேண்டாம். கண் பளபளக்கும் நன்னீர் மீன் அது.) இருவர் அணி ஒன்று கொண்டுவந்தது ஐந்து மீன், மொத்தம் 33.91 பவுண்டு. பரிசு 28,000 டாலருக்கு மேல். போட்டி இயக்குநர் மீனைக் கையில் எடுத்தார், அழுத்திப் பார்த்தார், கத்தியை எடுத்துக் கீறினார். உள்ளே பத்து ஈயக்குண்டு: எட்டு 12 அவுன்ஸ், இரண்டு 8 அவுன்ஸ். கூடவே வேறு வால்ஐயின் சதைத்துண்டுகள்.

அவருக்குச் சந்தேகம் எப்படி வந்தது என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மீனின் நீளம் இரண்டு மடங்கானால் எடை கிட்டத்தட்ட எட்டு மடங்காகும். அதனால் கிராமில் உள்ள எடையை, சென்டிமீட்டரில் உள்ள நீளத்தின் கனத்தால் (நீளம் × நீளம் × நீளம்) வகுத்து நூறால் பெருக்கினால் ஒரு பருமன் எண் வரும். 56 செ.மீ. நீளமுள்ள, நன்றாகத் தின்ற வால்ஐ சுமார் 1,930 கிராம் இருக்கும். பருமன் எண் 1.10. இப்போது 33.91-ஐ ஐந்தால் வகுங்கள்: மீனுக்கு 6.78 பவுண்டு, அதாவது 3,076 கிராம். அதே 56 செ.மீ. மீன் இவ்வளவு எடை காட்டினால் எண் 1.75. முட்டை நிறைந்த மீன்கூட அவ்வளவு ஏறாது, அதிலும் செப்டம்பரில் முட்டைப் பருவமே இல்லை. தினமும் நூறு மீனைத் தூக்கிப் போடுகிற கைக்கு இந்தக் கணக்கு எழுதாமலே தெரியும்.

முள்வாங்கி · மார்ச் 5, பிற்பகல் 1.40

சதைத்துண்டு எதற்கு என்று யாரும் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன். எடைக்கு என்று பார்த்தால் அது பெரிய லாபமில்லை. 12 அவுன்ஸ் ஈயம் 340 கிராம். ஈயத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 11.34 கிராம் என்பதால் குண்டின் பருமன் வெறும் 30 கன செ.மீ., ஒரு எலுமிச்சம்பழத்தைவிடச் சிறிது. ஆனால் இரண்டு குண்டு ஒரே வயிற்றில் இருந்தால் ஒன்றோடொன்று மோதிக் 'டொக்' என்று சத்தம் வரும், வெளியிலிருந்து தடவினால் முடிச்சு தட்டுப்படும். சுற்றிலும் சதையை வைத்தால் சத்தமும் அடங்கும், வயிறு இரை தின்ற மாதிரி மெத்தென்றும் இருக்கும். ஈயத்துக்குப் பஞ்சணை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கழித்துப் பார்த்தால் எட்டுப் பன்னிரண்டு 96, இரண்டு எட்டு 16, மொத்தம் 112 அவுன்ஸ், சரியாக 7 பவுண்டு. ஈயம் போக 27 பவுண்டுக்குச் சற்றே குறைவு. அதிலும் சதைத்துண்டுகளைக் கழிக்க வேண்டும்.

தக்கை · மார்ச் 5, மாலை 4.00

ஈயத்துக்குப் பதில் பனிக்கட்டி வைத்தால்? உருகிப் போய்விடுமே, சாட்சியே இருக்காதே.

முள்வாங்கி · மார்ச் 5, மாலை 7.15

பழைய தந்திரம். ஆனால் 500 கிராம் ஏற்ற வேண்டும் என்றால் ஈயத்துக்கு 44 கன செ.மீ. போதும், பனிக்கட்டிக்கு 545 வேண்டும். அரை லிட்டர் சமாச்சாரம் வயிற்றுக்குள் போனால் வயிறு உப்பி நிற்கும், தொட்டால் சில்லென்று இருக்கும். உருகிய பிறகு மீனைத் தலைகீழாகப் பிடித்தால் வாயாலும் பின்துளையாலும் தண்ணீர் கொட்டும். தண்ணீரையே குழாயால் ஏற்றுகிறவர்களும் இப்படித்தான் மாட்டுவார்கள். அதனால் எடை போடும் முன் வால் மேலாக, தலை கீழாக முப்பது விநாடி பிடித்து வடித்துவிட்டுத் தட்டில் வைக்க வேண்டும். சந்தேகம் என்றால் ஒரு மணி நேரம் கழித்து மறு எடை. நேர்மையான மீனும் கொஞ்சம் எடை இழக்கும், சளியும் ஈரமும் வடிவதால். பிடித்தவன் எதிரில், பூட்டிய பெட்டியில் வைத்து, வடிந்த நீரையும் சேர்த்து நிறுத்தால் அந்தச் சண்டையும் வராது.

உயிரோடு விட வேண்டிய போட்டிகளில் கத்தி வேலைக்கு ஆகாது. அங்கே கையில் பிடிக்கும் உலோகம் காட்டும் கருவியைத் தடவுகிறார்கள். அதை அப்படியே நம்பினால் நேர்மையானவனும் மாட்டுவான். பெரிய பாஸ் மீனின் வயிற்றில் யாரோ எப்போதோ அறுத்துவிட்ட முள், கால் அவுன்ஸ் ஈயம் எல்லாம் இருக்கும். கருவி கத்தினால் உடனே ஆளைத் துரத்தக்கூடாது. மீனைத் தனித் தொட்டியில் விடுங்கள். ஈயம் ஏற்றிய மீன் மூக்கு கீழே சாய்ந்து தொட்டியின் அடியில் கிடக்கும், அல்லது வாலை அடித்து அடித்து மட்டத்தைக் காக்கப் பார்க்கும். பிறகு மருத்துவர் வைத்திருக்கும் எக்ஸ்ரே. கால் அவுன்ஸ் என்றால் மீன் தின்றது, கால் பவுண்டு என்றால் ஆள் ஊட்டியது.

கரைவலை · மார்ச் 5, இரவு 8.30

அந்த இரண்டு பேருக்கும் கடைசியில் என்ன தண்டனை?

முள்வாங்கி · மார்ச் 5, இரவு 8.52

2023 மார்ச்சில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மே மாதம் தீர்ப்பு: ஆளுக்குப் பத்து நாள் சிறை, நன்னடத்தைக் காலம், அபராதம், மீன்பிடி உரிமம் நிறுத்தம். எல்லாவற்றையும்விட வலித்திருக்கக்கூடியது படகு பறிமுதல். லட்சம் டாலர் மதிப்புள்ள படகு, 28,000 டாலர் பரிசுக்காகப் போனது.

டெக்சாஸ் இதற்கு முன்பே தனிச் சட்டம் வைத்திருந்தது: பரிசு 10,000 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் போட்டி மோசடி பெருங்குற்றம், 2 முதல் 10 ஆண்டு வரை சிறை. 2009-இல் ரே ஹப்பர்ட் ஏரியில் 55,000 டாலர் படகுக்காக பாஸ் வயிற்றில் ஒரு பவுண்டு ஈயம் வைத்தவருக்கு 15 நாள் சிறையும் ஐந்து ஆண்டு நன்னடத்தைக் காலமும் கிடைத்தன.

தக்கை, கவனியுங்கள். இங்கே இருந்ததும் "தகுதிநீக்கம்"தான். ஆனால் அது முதல் படி. அதற்கு மேல் ஏறிய படிகள் எல்லாம் நோக்கத்துக்காக.

கரைவலை · மார்ச் 6, காலை 6.20

சிரிப்புக்காக ஒன்று. 2012, கெர்ன்சி தீவு. ஒருவர் பாஸ் போட்டியில் 13 பவுண்டு 13 அவுன்ஸ் மீனைக் கொண்டுவந்து 800 பவுண்டு பணம் வாங்கினார். அந்த மீனின் புகைப்படத்தைப் பார்த்த உள்ளூர் மீன் காட்சியகக்காரர்கள் உடம்பில் உள்ள அடையாளத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்கள்: இது நம் தொட்டி மீன் ஆயிற்றே! தூண்டிலே போடாமல் திருடிக் கொண்டுவந்திருக்கிறார்.

முள்வாங்கி · மார்ச் 6, காலை 9.00

தூண்டில் போடாவிட்டாலும் உழைப்பு இருந்தது அண்ணே, சுவர் ஏறியிருப்பார்.

ஆனால் சிரித்துவிட்டு விடும் கதை இல்லை இது. முன்னாலேயே பிடித்து அடைத்துவைத்த மீன் என்பது ஈயத்தைவிடப் பரவலான மோசடி, கண்டுபிடிப்பதும் கடினம், ஏனென்றால் மீன் உண்மையான மீன்தான். 2018-இல் யூட்டாவின் பவல் ஏரிப் போட்டியில் வேறு நீர்த்தேக்கத்தில் பிடித்த பாஸ்களை ஒரு ஜோடி கொண்டுவந்தது. தலைக்கும் உடம்புக்கும் உள்ள விகிதமும் துடுப்பின் சிவப்பும் காட்டிக்கொடுத்தன. ஏரிக்கு ஏரி தீனி வேறு, அதனால் உடல்வாகும் வேறு.

கூண்டில் கிடந்த மீனின் மூக்கு நுனி வலையில் உரசித் தோலுரிந்திருக்கும். வால் துடுப்பின் கீழ் ஓரம் தேய்ந்து கதிர்கள் வெள்ளையாகத் துருத்தும். வாயில் இன்று மாட்டிய முள்ளின் துளை பச்சைக் காயமாக இருக்க வேண்டும். ஓரம் வெளுத்து இறுகியிருந்தால் அது நேற்றோ முந்தாநாளோ. வயிறு ஒட்டிக் குடல் காலியாக இருக்கும். அன்று பிடித்த மீன் தொட்டியில் கக்கும், கழியும். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். பாறை இடுக்கில் முட்டையிடக் குழி பறித்த மீனுக்கும் வால் தேயும்.

முள்வாங்கி · மார்ச் 6, காலை 9.25

"கண்டுபிடிப்பது கடினம்" என்றேன். கண்டுபிடிப்பதைவிடத் தடுப்பது எளிது. ஒவ்வொரு படகிலும் ஒரு பார்வையாளர், யார் எந்தப் படகு என்பது அன்று காலைக் குலுக்கலில். சில பாஸ் தொடர்களில் படகிலேயே அலுவலர் எடை போட்டு அங்கேயே மீனை விட்டுவிடுகிறார்கள். கரைக்கு மீனே வராதபோது ஈயத்துக்கு ஏது இடம்? ஆனால் பார்வையாளருக்குக் கூலி, சாப்பாடு, காப்பீடு எல்லாம் வேண்டும். சின்னப் போட்டிக்குக் கட்டாது.

தக்கை · மார்ச் 6, பகல் 12.05

கயாக் (சிறு துடுப்புப் படகு) போட்டிகளில் மீன் கரைக்கே வருவதில்லை, போட்டோதான். அங்கே என்ன செய்ய முடியும்?

முள்வாங்கி · மார்ச் 6, மாலை 3.30

அங்கேதான் கில்லாடிகள். நீளம்தான் மதிப்பெண், கால் அங்குலம் கால் அங்குலமாக. மீனின் வாயை மூடி, மூக்கை அளவுப் பலகையின் முட்டுச்சுவரில் ஒட்டவைத்து, அன்று காலை கொடுத்த அடையாள அட்டையும் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். அட்டையின் குறியீடு காலையில்தான் தெரியும் என்பதால் நேற்றைய படம் செல்லாது.

பலகையில் விளையாடுவது இப்படி: நடுவில் ஒரு அங்குலத்தை வெட்டியெடுத்து இரண்டு பாதியையும் ஒட்டிவிடுவார்கள். வெட்டிய இடத்தின் மேலே மீன் படுத்திருக்கும், எண் தாவியது தெரியாது. 18 அங்குல மீன் 19 ஆகிவிடும். ஐந்து மீனுக்கு ஐந்து அங்குலம். கால் அங்குலத்தில் வெற்றி தோல்வி நடக்கும் இடத்தில் ஐந்து அங்குலம்! இதைப் பிடிக்க வேண்டுமானால் காலையிலேயே மீன் இல்லாத வெற்றுப் பலகையின் படத்தை முழு எண்வரிசை தெரிய வாங்கிக்கொள்ளுங்கள். பரிசு பெறுபவரின் பலகையை நேரில் வாங்கி எஃகு அளவுகோலால் அளந்து பாருங்கள். ஒரே மீனை வேறு வேறு கோணத்தில் இரண்டு முறை அனுப்புகிறவர்களைச் செதில் புள்ளிகளைக் கொண்டு பிடிக்கலாம். பாஸின் பக்கவாட்டுக் கோட்டில் உள்ள கரும்புள்ளிகள் மீனுக்கு மீன் மாறும். எல்லாரும் மீனின் தலையை ஒரே பக்கம் வைத்து எடுக்க வேண்டும் என்று விதி இருப்பது இந்த ஒப்பீட்டுக்கும் உதவுகிறது.

கரைவலை · மார்ச் 6, இரவு 9.45

பொய் கண்டறியும் சோதனை வைத்தால் இவ்வளவு பாடு எதற்கு? மேரிலாந்தில் வைக்கிறார்களே.

முள்வாங்கி · மார்ச் 7, காலை 8.10

வைக்கிறார்கள். ஓஷன் சிட்டியின் வெள்ளை மார்லின் ஓப்பன், 2016. 76.5 பவுண்டு வெள்ளை மார்லின், 28 லட்சம் டாலர். அந்த ஆண்டு தகுதி எடையைத் தாண்டிய ஒரே வெள்ளை மார்லின் அது. பிடித்தவர் சோதனையில் தேறவில்லை. பணம் நீதிமன்றத்துக்குப் போனது. 2017-இல் நீதிபதி சொன்னது: சோதனை விதியும் மீறப்பட்டது, அதோடு காலை 8.30-க்கு முன்பே தூண்டில்கள் தண்ணீரில் இறங்கிவிட்டன. மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. பணம் மற்ற வெற்றியாளர்களுக்குப் பிரிந்தது.

ஆனால் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. சும்மா ஒரு கணக்கு: நூறு வெற்றியாளர்கள், இரண்டு பேர் பொய்யர்கள், சோதனை நூற்றுக்கு 85 முறை சரி. பொய்யர் இருவரும் மாட்டலாம். நேர்மையான 98 பேரில் 15 பேரும் மாட்டுவார்கள். மாட்டிய 17 பேரில் 15 பேர் அப்பாவி.

முள்வாங்கி · மார்ச் 7, காலை 8.30

நூற்றுக்கு இரண்டு என்பது நானாக வைத்துக்கொண்ட எண். பத்துப் பேர் பொய்யர்கள் என்று வைத்தாலும் 90 பேரில் 13, 14 அப்பாவிகள், 8, 9 பொய்யர்கள். அப்போதும் அப்பாவிகளே அதிகம்.

அப்படியானால் எதற்கு வைக்கிறார்கள்? பெரிய பயன் பயமுறுத்தல். இரண்டாவது பயன், தலைவன், உதவியாளர், பிடித்தவர் மூவரையும் தனித்தனியாக உட்காரவைத்து ஒரே கேள்வியைக் கேட்கும்போது கதைகள் பிசகும். இயந்திரத்தைவிட அந்தப் பிசகுதான் சாட்சி. அதோடு ஜி.பி.எஸ். தடம்: படகு எப்போது வேகத்தைக் குறைத்தது, அறிவித்த நேரத்தில் எங்கே இருந்தது. எடை போட்ட உடனே கருவியின் பதிவை நகல் எடுக்க வேண்டும். மறுநாள் என்றால் நினைவகம் "தற்செயலாக" அழிந்திருக்கும்.

ஜப்பானின் பிவா ஏரியில் 2009-இல் மனாபு குரிட்டா பிடித்த பாஸுக்கும் இந்தச் சோதனை நடந்தது. 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். 1932-இன் பழைய சாதனை 22 பவுண்டு 4 அவுன்ஸ். கிட்டத்தட்ட ஒரு அவுன்ஸ் கூடுதல் இருந்தும் இரண்டு பேருக்கும் சமம் என்றே எழுதினார்கள், ஏனென்றால் முறியடிக்க 2 அவுன்ஸ் வேண்டும். நேர்மையான ஆள், நேர்மையான மீன், சோதனையும் தேறினார். விதி அப்போதும் அசையவில்லை.

தக்கை · மார்ச் 7, பகல் 11.15

நீங்கள் என்னதான் சொன்னாலும், சின்னத் தப்புக்கும் மொத்தமாகத் தள்ளுவது ஒப்பவில்லை. உதவிக்கு வந்தவன் ராடைத் தொட்டுவிட்டான் என்பதற்குமா?

முள்வாங்கி · மார்ச் 7, மாலை 6.00

ராடைத் தொட்டது சின்னத் தப்பு இல்லை. ஐ.ஜி.எஃப்.ஏ. விதியில் மீன் கவ்விய நொடியிலிருந்து ராடு, ரீல், நரம்பு மூன்றையும் பிடிப்பவர் மட்டுமே தொடலாம். படகு விளிம்பில் ராடைச் சாய்த்துவைத்துப் போராடினாலும் போச்சு. லீடர் உதவியாளர் கைக்கு எட்டிய பிறகுதான் அடுத்தவர் கை வைக்கலாம். அதனால்தான் லீடருக்கும் நீள வரம்பு. கடலில் 20 பவுண்டு வரை தாங்கும் நரம்புக்கு 15 அடி, அதற்கு மேல் 30 அடி. லீடருக்கு முன்னால் இரட்டையாக மடித்துக் கட்டும் நரம்பையும் சேர்த்தால் முறையே 20, 40 அடி. லீடர் ஒரு அடி நீண்டால், உதவியாளர் மீனைப் பிடிக்க ஒரு அடி முன்னாலேயே கை வைக்கலாம் என்று பொருள். முடிச்சுப் போடும்போது சுருக்கி அளந்து, மீன் இழுத்து முடிச்சு நீண்டு வரம்பைத் தாண்டி மாட்டுகிறவர்கள் உண்டு. ஒரு அடி குறைத்தே கட்டுங்கள்.

ஆனால் உங்கள் ஒப்பாமையில் நியாயம் இருக்கிறது. பாஸ் போட்டிகளைப் பாருங்கள். பாஸ்மாஸ்டர் என்ற போட்டித் தொடரில் மீன் செத்துக் கரை சேர்ந்தால் மீனுக்கு 4 அவுன்ஸ் கழிவு. தாமதமாக வந்தால் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு, 15 நிமிடத்துக்கு மேல் என்றால் அன்றைய மீன் மொத்தமும் போச்சு. யாரும் யாரையும் திருடன் என்று சொல்வதில்லை. அங்கே கழிக்க முடிகிறது, ஏனென்றால் தப்பு எவ்வளவு என்று கடிகாரம் சொல்கிறது. சுறாக்கடிக்கு எத்தனை பவுண்டு கழிப்பீர்கள்? அடுத்தவன் இரண்டு நிமிடம் ராடைப் பிடித்ததற்கு?

அளக்க முடிந்தால் எடையைக் கழி, முடியாவிட்டால் மீனை நீக்கு. நோக்கத்தை இந்த இரண்டு இடத்திலும் கேட்காதே. அதைக் கேட்கும் இடம் அடுத்த மேசை: ஆயுள்தடை வேண்டுமா, போலீஸுக்குப் போக வேண்டுமா. சென்சேஷன் படகு அந்த மேசைக்கு வரவே தேவையில்லை. முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும். லைசென்ஸ் விஷயத்தில் நீங்கள் இடித்த பிறகுதான் எனக்கே பிடிபட்டது.

தக்கை · மார்ச் 7, இரவு 8.20

அப்படியானால் வார்த்தையையாவது மாற்றுங்கள். "தகுதிநீக்கம்" என்று பலகையில் எழுதினால் ஊர் திருடன் என்றுதான் படிக்கிறது.

முள்வாங்கி · மார்ச் 7, இரவு 9.05

இதில் உங்கள் பக்கம். "மீன் ஏற்கப்படவில்லை: சதைக்காயம்" என்று காரணத்தோடு எழுதலாம். ஈயத்துக்கு மட்டும் "போட்டியாளர் நீக்கப்பட்டார்". இரண்டு வரி மாற்றம், ஒரு பைசா செலவில்லை.

கரைவலை · மார்ச் 8, காலை 7.30

நாங்கள் சின்னதாக ஒரு போட்டி நடத்தப் போகிறோம். பார்வையாளர் வைக்கக் காசில்லை. குறைந்தபட்சம் என்ன செய்வது?

முள்வாங்கி · மார்ச் 8, காலை 10.40

தராசை முதலில் பாருங்கள். காலையிலும் எடை போடத் தொடங்கும் முன்னும் முத்திரையிட்ட படிக்கல்லை வைத்து எழுதிக்கொள்ளுங்கள். வென்றவர்கள் முதலில் ஆட்சேபிப்பதில்லை, தோற்றவர்கள் முதலில் தராசைத்தான் பிடிப்பார்கள். எடை போட்ட மீனின் வால் துடுப்பில் ஒரு துளை போடுங்கள், அதே மீன் வேறொரு பையில் திரும்பி வராது.

முதல் மூன்று இடத்து மீன்களை, சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எல்லார் எதிரிலும் கீறுங்கள். சந்தேகப்பட்டால் மட்டும் கீறுவேன் என்று விதி வைத்தால் கத்தியை எடுப்பதே குற்றச்சாட்டாகிவிடும், கைகலப்பு நிச்சயம். பின்துளையில் தொடங்கிச் செவுள் வரை, கத்தியின் முனையை மேலே பார்த்தபடி வைத்து ஆழமில்லாமல் இழுங்கள். ஆழமாகப் போனால் குடல் கிழிந்து உள்ளே இருப்பது எங்கே இருந்தது என்று தெரியாமல் போகும். இரைப்பையைத் தனியே எடுத்துத் தட்டில் பிரியுங்கள். கிடைத்ததை நிறுத்து, படம் எடுத்து, உறையில் போட்டு இரண்டு பேர் கையெழுத்து போடுங்கள். பிறகு அது உங்கள் பொருள் இல்லை, போலீஸின் பொருள்.

ஆட்சேபத்துக்கு எழுத்தில் ஒரு மணி நேரம் கொடுங்கள். அதுவரை காசோலையில் கையெழுத்து போடாதீர்கள். கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்குவது மார்லின் பிடிப்பதைவிடக் கஷ்டம்.

கரைவலை · மார்ச் 8, காலை 11.05

கீறிய மீனைப் பிறகு என்ன செய்வது?

முள்வாங்கி · மார்ச் 8, காலை 11.12

ஆட்சேப நேரம் முடியும் வரை பனிப்பெட்டியில், பூட்டு போட்டு, சாவி உங்களிடம். அதற்குப் பிறகு குழம்பு. ஈயம் அகப்பட்ட மீன் மட்டும் உறைகுளிரில் போலீஸ் வரும்வரை, குடலோடு.